அலறும் அழைப்பு மணி: டைலன் டாக் ஸ்பெஷல் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது இத்தாலியக் காமிக்ஸ் நாயகன் டைலன் டாக் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமா, கிரிக்கெட், அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இவருக்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், எனக்கு டெக்ஸ் வில்லர் தெரியும், மர்ம மனிதன் மார்ட்டின் தெரியும். இந்த டைலன் டாக் யாரு? பேய் ஓட்டுறவரா? (அருப்புக்கோட்டை)

அந்த இரண்டு பேரும் எந்த வீட்டிலிருந்து வந்தார்களோ அதே வீட்டுப் பிள்ளைதான். இத்தாலியின் மிலான் நகரத்து செர்ஜியோ பொனெல்லி பதிப்பகம். 1986 அக்டோபரில் முதல் இதழ். எழுதியவர் டிட்ஸியானோ ஸ்க்லாவி, வரைந்தவர் ஆஞ்செலோ ஸ்டானோ. அன்றிலிருந்து மாதம் ஒன்று என்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. நம் சிவகாசி லயன் காமிக்ஸும் இவருடைய சில கதைகளைத் தமிழில் கொண்டுவந்தது, பழைய கட்டுகளில் தேடிப் பாருங்கள்.

ஆள் லண்டனில் இருக்கிறார். கிரேவன் ரோடு, 7-ஆம் நம்பர் வீடு. முன்னாள் ஸ்காட்லாந்து யார்டு போலீஸ்காரர், இப்போது 'கெட்ட கனவுத் துப்பறிவாளர்'. ஒரு நாளைக்கு 50 பவுண்டு கூலி, செலவு தனி. அந்த வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினால் ஒரு பெண் அலறுவது போலச் சத்தம் வரும். சிவப்புச் சட்டை, கறுப்பு கோட், ஜீன்ஸ், எந்த இதழை எடுத்தாலும் அதேதான். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். இறைச்சி சாப்பிட மாட்டார். உயரம் என்றால் பயம், விமானம் என்றால் பயம், வவ்வால் என்றாலும் பயம். டெக்ஸ் வில்லர் எதற்காவது பயந்து பார்த்திருக்கிறீர்களா? இவர் பயப்படுவார், பயந்துகொண்டே போய்க் கதவைத் திறப்பார். எனக்கு இவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

பேய் ஓட்டுகிறவர் என்று சொல்ல முடியாது. தேடி வருகிற கேஸ்களில் பாதி ஏமாற்று வேலை என்றுதான் முதலில் சந்தேகப்படுவார். பேயே வந்தாலும் அதை விரட்டுவதற்கு முன்னால் உட்காரவைத்துப் பேசிப் பார்க்கிற ரகம்.

புது இதழ்கள் நன்றாக இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். 400-வது இதழை ஒட்டி வந்தவற்றைப் படித்தீர்களா? வாங்கலாமா? (கோவை)

387 முதல் 406 வரை உட்கார்ந்து படித்தேன். இத்தாலி மொழி எனக்கு அரைகுறைதான். ஒரு கையில் அகராதி, இன்னொரு கையில் போன் கேமரா மொழிபெயர்ப்பு என்று ஒரு இதழுக்கு மூன்று ராத்திரி ஆகும். அதனால் வசனத்தின் நயத்தைப் பற்றி என் வார்த்தையைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். கதை, படம் இரண்டையும் பற்றித் தைரியமாகச் சொல்வேன். நாற்பது வருஷத் தொடரில் இவை புதுசு என்ற கணக்கில்தான் வரும்.

பின்னணி இது. 2010-களில் தொடரின் பொறுப்பு எழுத்தாளர் ராபர்ட்டோ ரெக்கியோனியிடம் வந்தது. 2014 அக்டோபரில் 337-வது இதழிலிருந்து வீட்டையே புரட்டிப் போட்டார். தொடக்கத்திலிருந்து கூடவே இருந்த இன்ஸ்பெக்டர் பிளாக் ஓய்வு பெற்றார், கார்பென்டர் என்ற புது அதிகாரி வந்தார், ரானியா என்ற பெண் போலீஸ் வந்தார், ஜான் கோஸ்ட் என்ற கோடீஸ்வர வில்லன் வந்தான். அப்புறம் 2018 டிசம்பரில், 387-வது இதழில், ஒரு விண்கல் பூமியை நோக்கி வருகிறது என்று ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கல்லை வானத்தில் தொங்கவிட்டார். 399-ல் உலகம் முடியப்போகிற நேரத்தில் டைலனுக்குக் கல்யாணம். மணப்பெண் இல்லை, இத்தனை வருஷம் கூடவே இருந்து கடி ஜோக் சொல்லிக்கொண்டிருந்த உதவியாளர் க்ரௌச்சோவோடுதான் கல்யாணம். இத்தாலியில் அப்போது பெரிய பேச்சு.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். விண்கல் யோசனை நல்ல யோசனை. சாவு வருகிறது, தேதியும் தெரியும், அதுவரை பால் வாங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், இந்த மனநிலையில் லண்டனைக் காட்டுகிற இடங்களெல்லாம் அருமை. ஆனால் டைலன் டாக் எப்போதுமே ஒற்றை இதழ் வாசகனுக்கான புத்தகமாக இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் கடையில் எந்த நம்பரை எடுத்தாலும் ஊர் போய்ச் சேருவதற்குள் ஒரு முழுக் கதை கிடைக்கும். 96 பக்கத்துக்குள் ஒரு பயம் பிறந்து, வளர்ந்து, நம் மடியில் வந்து உட்காரும். இந்தச் சங்கிலிக் கதையில் ஒவ்வொரு இதழும் அடுத்த இதழைப் பார்த்தே நடக்கிறது. அடுத்த மாதம் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் இந்த மாதத்துப் பேய்க்கு என்ன மரியாதை? எனக்கு அங்கேதான் சலித்தது.

400 வேறு மாதிரி. 2020 ஜனவரி. வண்ண இதழ் (ஒவ்வொரு நூறாவது இதழும் வண்ணத்தில் வருவது அவர்கள் வழக்கம்). ஸ்டானோவும் கொராடோ ரோயும் சேர்ந்து வரைந்தது. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

401-ல் டைலனுக்குத் தாடி வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்களாமே, ஏன் சார் இந்த வேலை? (தூத்துக்குடி)

ஆமாம். முதல் இதழில் சைபில் பிரவுனிங் என்ற பெண், செத்து எழுந்துவந்த தன் கணவனை மறுபடி கொல்ல வேண்டியதாகிவிட்டது என்று டைலனிடம் வருவாள். 401 அதே கதையைக் கையில் எடுத்து வேறு வழியில் கொண்டுபோகிறது. தாடி வைத்த டைலன். க்ரௌச்சோ இருக்க வேண்டிய இடத்தில் ஞாகி என்ற தடித்த ஆள். அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'ஞா'.

இந்த ஞாகி சும்மா வந்தவன் இல்லை. ஸ்க்லாவி எழுதிய ஒரு நாவலில் கல்லறைக் காவலாளியின் உதவியாளாக வருகிறவன். 1994-ல் அந்த நாவல் இத்தாலியில் படமானபோது காவலாளியாக நடித்தவர் ரூபர்ட் எவரெட். டைலனின் முகத்தை முதலில் வரையும்போது ஸ்டானோ முன்மாதிரியாக வைத்துக்கொண்டதும் அதே ரூபர்ட் எவரெட்டின் முகத்தைத்தான். காகிதத்திலிருந்து திரைக்குப் போய், திரையிலிருந்து மறுபடி காகிதத்துக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரிச் சுற்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் க்ரௌச்சோ இல்லாத வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. அந்த அபத்த ஜோக்குகள் வெறும் சிரிப்புக்காக வைத்தவை இல்லை, பயத்துக்கு நடுவில் மூச்சு விட ஒரு ஜன்னல். அதை மூடிவிட்டு ஆறு மாதம் கதை சொன்னார்கள், பக்கம் பக்கமாக இறுக்கம். அவர் திரும்பி வந்தபோது என் தோள் தளர்ந்ததை நானே உணர்ந்தேன்.

நீங்கள் படித்ததில் உங்களை உண்மையிலேயே பயமுறுத்திய இதழ் எது? (சேலம், கல்லூரி மாணவி)

280-வது இதழ், 2009 டிசம்பர். 'மாட்டர் மோர்பி', நோய்களின் தாய். எழுதியது அதே ரெக்கியோனி, வரைந்தவர் மாசிமோ கார்னவாலே. விண்கல் கதையில் குறை சொன்ன நானே இதை அவருடைய ஆகச் சிறந்த எழுத்து என்பேன்.

டைலனுக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. பேயில்லை, ரத்தக்காட்டேரி இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு முதுகுப்பக்கம் நாடா கட்டுகிற அந்த அங்கியைப் போட்டுவிடுகிறார்கள். நாம் பார்த்துப் பழகிய சிவப்புச் சட்டைக்காரர், ஒரே கட்டத்தில் யாரோ ஒரு நோயாளி ஆகிவிடுகிறார். கார்னவாலே அந்த வராந்தாவை வரைந்திருக்கிற விதத்தைப் பாருங்கள்: கட்டிலில் படுத்திருக்கிறவன் கண்ணுக்கு எது தெரியுமோ அதுதான், கூரை, குழாய், மேலிருந்து குனிகிற முகங்கள். அப்புறம் கறுப்பு உடையில் அவள் வருகிறாள். நோய்களின் தாய். அழகாக இருக்கிறாள், அதுதான் கொடுமை. எல்லாரும் வெறுக்கிற, யாருமே கூட இருக்க விரும்பாத ஒருத்தியின் தனிமையோடு பேசுகிறாள்.

ரெக்கியோனி சின்ன வயதிலிருந்தே நோயோடு ஆஸ்பத்திரிகளைப் பார்த்து வளர்ந்தவர். கேள்விப்பட்டு எழுதியது வேறு, படுத்து எழுந்து எழுதியது வேறு. இத்தாலியில் அந்த வருஷம் பிப்ரவரியில்தான் எலுவானா எங்கலாரோ இறந்திருந்தார். விபத்துக்குப் பிறகு 17 வருஷம் நினைவில்லாமல் கிடந்த பெண், குழாய் வழி உணவை நிறுத்த அவருடைய அப்பா வருஷக்கணக்கில் கோர்ட்டில் போராடினார். நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இந்த இதழ். சுகாதாரத் துறையின் துணை அமைச்சர் வரைக்கும் ஒரு காமிக்ஸைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படி ஆனது.

என் அப்பா ஐசியூவில் இருந்த நாட்களில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்க்கும்போது பெஞ்சிலிருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். யார் பெயரைக் கூப்பிடப் போகிறார் என்று தெரியாத அந்த இரண்டு நொடி. இந்த இதழைப் படித்தபோது அந்த இரண்டு நொடி எனக்குத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ பிசாசுக் கதை படித்தாயிற்று, எதுவும் அவ்வளவு கிட்டே வரவில்லை.

அண்ணா, என் பையனுக்கு 12 வயது. பேய்க்கதை என்றால் உயிர். இதைக் கொடுக்கலாமா? (திண்டுக்கல்)

இப்போது வேண்டாம் தங்கச்சி. ரத்தம், கோடாலி, படுக்கையறைக் காட்சிகள் எல்லாம் உண்டு. ரத்தத்தையாவது பையன்கள் தாண்டிப் போய்விடுவார்கள், சில கதைகளின் சோகம்தான் தாங்காது. 1993-ல் வந்த 81-வது இதழ் 'ஜானி ஃப்ரீக்'. மௌரோ மார்க்கெசெல்லியும் ஸ்க்லாவியும் சேர்ந்து எழுதி, ஆந்த்ரேயா வெந்தூரி வரைந்தது. ஜானிக்குக் காது கேட்காது, பேச்சு வராது, கால்கள் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை. பெற்றவர்களே அவனை அவன் சகோதரன் உடம்புக்கு உதிரி பாகக் கிடங்காக வைத்திருந்தார்கள். டைலனும் க்ரௌச்சோவும் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் பக்கங்களில் அந்தப் பையன் முகத்தில் சிரிப்பு வருகிற வேகத்தை வெந்தூரி ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக்கொண்டே போவார். முடிவைச் சொல்ல மாட்டேன். இத்தாலிய வாசகர்களைக் கேட்டால் பாதிப் பேர் இந்த இதழைத்தான் சொல்வார்கள், அழுததையும் சேர்த்துச் சொல்வார்கள். உங்கள் பையனுக்குப் பதினாறு பதினேழு வயதாகும்போது இதை முதலில் கொடுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள்.

டைலன் அடிக்கடி சொல்கிற 'ஜூடா பல்லெரினோ'வுக்குத் தமிழில் என்ன? (புதுச்சேரி)

'ஆடும் யூதாஸே!' என்று நேராகப் பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதிர்ச்சியில் வாயில் வருகிற ஒரு சத்தம் அது, பாதி சாபம், பாதி விளையாட்டு. 'அட ஆண்டவா' என்றால் பக்தி வந்துவிடுகிறது, 'அடச்சே' என்றால் எரிச்சல் வந்துவிடுகிறது. நானாக இருந்தால் 'அடப் பாவி யூதாஸே!' என்று போடுவேன். நம் ஊர் கிறிஸ்தவப் பாட்டிமார் வாயில் அப்படி ஒன்றைக் கேட்ட மாதிரி காதுக்கு இருக்கும். வாசகர்களிடம் இதைவிட நல்லது இருந்தால் எழுதி அனுப்புங்கள், போடுகிறேன்.

இந்தக் காலத்திலும் ஏன் கறுப்பு வெள்ளை? கலர் போட்டால் இன்னும் நிறைய பேர் வாங்குவார்களே? (சென்னை)

கொராடோ ரோய் வரைந்த ஒரு பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் கோட்டால் உருவத்தைக் கட்டுவதே இல்லை. மையைக் கரைத்து, கறைபோலப் பரப்பி, ஒரு முகத்தில் பாதியை இருட்டுக்குள் விட்டுவிடுகிறார். அந்த இருட்டில் எதுவும் வரையப்பட்டிருக்காது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று நாமே நிரப்பிக்கொள்வோம். அதற்கு நீலம் பூசினால் அது வெறும் நீலம். மாதம் 96 பக்கம் கொடுக்க கறுப்பு வெள்ளை சௌகரியம் என்பதும் உண்மைதான். பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று வரிசை, கட்டங்கள் கச்சிதமாக இருக்கும். அந்த ஒழுங்கை ஒரே ஒரு இடத்தில் உடைத்தால் போதும், தூக்கிவாரிப்போடும்.

அதே சமயம் ஜிஜி கவெனாகோ 2016-ல் 361-வது இதழ் முழுவதையும் ஓவியம் போல வண்ணத்தில் தீட்டினார். மேலே சொன்ன நோய்த்தாய் அதிலும் வருகிறாள். அதைப் பார்த்தபின் வண்ணமே கூடாது என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேட்மேனோடு சேர்ந்து வந்த கதை எப்படி? (ஈரோடு)

ஜோக்கர் லண்டனுக்கு வந்து, டைலனின் பரம எதிரி ஸபராஸோடு கைகோக்கிறான். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், கவெனாகோவும் வெர்த்தர் டெல்லெதெராவும் வரைந்தது. 2019-ல் ஒரு முன்னோட்ட இதழ், முழுக்கதை பிறகு, 2024-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் மூன்று இதழ். டைலன் புதுசு என்றால் இதில் ஆரம்பிக்காதீர்கள். பேட்மேன் பக்கத்தில் நின்றால் யாருமே விருந்தாளி மாதிரித்தான் தெரிவார்கள்.

ஒவ்வொரு இதழிலும் ஒரு புதுக் காதலி, கடைசிப் பக்கத்தில் அவள் செத்துப்போவாள் அல்லது போய்விடுவாள். பெண் வாசகியாக எனக்கு இது கசக்கிறது. உங்களுக்கு உறுத்தவில்லையா? (திருச்சி)

உறுத்துகிறது. பழைய இதழ்களை வரிசையாகப் படித்தால் இன்னும் அதிகமாக உறுத்தும். தனித்தனியாகப் பார்த்தால் ஸ்க்லாவியின் பெண்கள் உயிருள்ளவர்கள், ஆனால் மாதம் ஒருத்தி என்கிற ஏற்பாடே அவர்களைத் தேய்த்துவிடுகிறது. ரானியா வந்ததை நான் வரவேற்றது இதனால்தான். அவள் காதலிக்கப்படுவதற்காக மட்டும் கதைக்குள் வரவில்லை, அவளுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது, டைலனோடு ஒத்துப்போகாத அபிப்பிராயங்கள் இருந்தன, அடுத்த மாதமும் இருந்தாள். 2023-லிருந்து தொடரின் பொறுப்பு பார்பரா பரால்டியிடம் இருக்கிறது. நாவலாசிரியை. இந்தக் கசப்பைச் சரிசெய்ய அவருக்கு முழுச் சுதந்திரம் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீங்கள் பேயை நம்புகிறீர்களா? (நாகர்கோவில்)

இல்லை. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு டைலன் டாக் படித்து முடித்தால் கொல்லைப்பக்க விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பாத்ரூமுக்குப் போவேன்.

டைலன் மேசையில் ஒரு பாய்மரக் கப்பல் பொம்மை கட்டிக்கொண்டே இருக்கிறாரே, அதை ஏன் முடிப்பதே இல்லை? (இராமநாதபுரம்)

நல்ல கண் உங்களுக்கு. கேஸ் பிடிபடாதபோதெல்லாம் இரண்டு வேலை செய்வார். ஒன்று, கிளாரினெட்டில் தார்த்தினியின் 'சாத்தானின் ட்ரில்' என்ற இசைத்துண்டை வாசிப்பார். இன்னொன்று, அந்தக் கப்பலுக்கு ஒரு குச்சி ஒட்டுவார். அப்போது பெல் அலறும், பசை காய்வதற்குள் எழுந்து போய்விடுவார். வருஷக்கணக்கில் இப்படியே போனது. பாய் கட்டப்படாத மரங்கள், மேசையில் சிந்திய குச்சிகள், திறந்தபடி கிடக்கிற பசை டியூப், இதைப் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டு மேசை மாதிரியே ஆகிவிட்டது எனக்கு.

400-வது இதழ் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். விண்கல் கதை எல்லாம் முடிந்து பக்கத்தைத் திருப்பினால், மேசையிலிருந்த அந்தக் கப்பல் கடலில் போய்க்கொண்டிருக்கிறது, தளத்தில் டைலன். தன்னை எழுதியவரைத் தேடிப் போகிறார். ஒரு வருஷமாக அந்தத் தொடரின் மேல் எனக்கிருந்த மனக்குறையை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கப்பலில் குச்சி குச்சியாக அவர் ஒட்டிய இடங்கள் தெரிகிறதா என்று விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு தேடினேன்.